நிலம் பணமாகும்போது குடும்பம் ஏன் உடைகிறது? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கணக்கு

ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தது. 2,000 ஏக்கர் என்றார்கள். எந்த இடம் என்று முடிவாகும் முன்பே சூளகிரி, பாகலூர் பக்கத்து டீக்கடைகளில் ஏக்கர் என்ன விலை போகும் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அதற்கு முன்பு போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது. தருமபுரியில் நல்லம்பள்ளி பக்கம் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை, ஓசூரைச் சுற்றிச் சாலைகள், நடுநடுவே தனியார் மனைப்பிரிவுகள். மானாவாரியில் கேழ்வரகும் துவரையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பங்களின் பாஸ்புக்கில், அதுவரை அவர்கள் பார்த்திராத எண்கள் விழுகின்றன.

நாலைந்து வருடம் கழித்து அதே ஊருக்குப் போனால் பேச்சு வேறாக இருக்கிறது. அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. தங்கை வழக்குப் போட்டிருக்கிறாள். கார் கடன்காரரிடம் போய்விட்டது. "நிலம் வித்த காசு நிக்காது, மண்ணோட சாபம்" என்பார்கள். இன்னொரு தரப்பு அர்த்தராத்திரியில் குடை பிடித்த அற்பனை நினைவுபடுத்தும்.

சாபம் என்றாலும் சரி, அற்பப் புத்தி என்றாலும் சரி, அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்காது. அந்தப் பழமொழி எனக்குப் பிடிப்பதும் இல்லை. ஒருவர் கெட்டால் குணம் என்று சொல்லலாம். ஒரே அறிவிப்பில் நிலம் கொடுத்த பல குடும்பங்கள் ஒரே மாதிரி கெட்டால், காரணத்தைக் குணத்துக்கு வெளியேதான் தேட வேண்டும். அது நில எடுப்புச் சட்டத்திலும், வாரிசுச் சட்டத்திலும், வட்டிக் கணக்கிலும், பிறந்த வீட்டு உறவின் நடைமுறையிலும் பிரிந்து கிடக்கிறது.

முதலில் ஒரு பொய்க் கணக்கு

திடீர்ப் பணம் பற்றிப் பேசினாலே, "லாட்டரியில் ஜெயித்தவர்களில் 70 சதவீதம் பேர் சில வருடத்தில் ஓட்டாண்டி ஆகிறார்கள்" என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்காவின் நிதிக் கல்வி அமைப்பு ஒன்றின் பெயரில் உலகம் சுற்றிய எண் இது. அப்படி எந்த ஆய்வும் தங்களிடம் இல்லை என்று அந்த அமைப்பே 2018-இல் மறுத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

உண்மையாக நடந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. ஸ்வீடனில் பெரிய தொகை வென்றவர்களை 5 முதல் 22 ஆண்டுகள் கழித்து விசாரித்தார்கள். பெரும்பாலோர் பணத்தை ஊதித் தள்ளவில்லை. வாழ்க்கையில் திருப்தியும் கூடித்தான் இருந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 50,000 முதல் 1,50,000 டாலர் வரை வென்றவர்களை, சிறு தொகை வென்றவர்களோடு ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் இவர்களில் திவாலானோர் குறைவு. மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குள் அதே அளவுக்குக் கூடுதலானோர் திவாலாகி, அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பணம் திவாலைத் தடுக்கவில்லை, தள்ளிப்போட்டது.

பணம் வந்தாலே கேடு என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் லாட்டரிக்காரருக்கும் நம் ஊர் நிலக்காரருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. லாட்டரி வென்றவரிடம் இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது. நிலக்காரரிடம் ஏற்கெனவே இருந்ததுதான் வேறு உருவத்தில் வந்திருக்கிறது.

முதல் வேறு, வரும்படி வேறு

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு என்று வையுங்கள். பெங்களூரா ரகக் காயை மாங்கூழ் ஆலைக்குப் போடுகிறார்கள். வருடா வருடம் வருவது வரும்படி. மரங்களை வெட்டி விற்றால் வருவது முதல். இரண்டும் ஒரே ரூபாய் நோட்டுதான் என்றாலும் ஒன்று திரும்ப வரும், இன்னொன்று வராது. விவசாயக் குடும்பத்துக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விதைக் கேழ்வரகை எடுத்துக் களி கிண்டக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

சிக்கல் என்னவென்றால், பாஸ்புக்கில் விழுந்த பணத்துக்கு விதை என்றும் தானியம் என்றும் அடையாளம் இல்லை. நிலமாக இருந்தவரை முதலைத் தொடவே முடியாது. அரை சென்ட்டைப் பிய்த்து எடுத்துப் பெண்ணுக்குக் கம்மல் வாங்க முடியாது. விற்க வேண்டுமென்றால் ஈசி என்கிற வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், கூட்டுப் பட்டாவில் உள்ள எல்லோருடைய கையெழுத்து, பத்திர ஆபீஸ் அலைச்சல் என்று ஆயிரம் தடை. அந்தத் தடைகள்தான் பூட்டு. பணமானதும் பூட்டு போய்விடுகிறது, ஏடிஎம் கார்டு வந்துவிடுகிறது.

நிலம் இன்னும் மூன்று காரியங்களைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

1. கடனுக்கு ஆதாரம். பட்டா, சிட்டா, அடங்கல் இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், வங்கியில் விவசாயக் கடன் அட்டை. நிலம் போனால் அந்தக் குறைந்த வட்டிக் கதவு மூடும். மீதி இருப்பது நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்கிற தனியார் வட்டிக் கதவு.

2. வேலை. 50 வயதுக்காரருக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம். ஆலை வந்தாலும் உள்ளே எடுப்பது ஐடிஐ, டிப்ளமோ, பிளஸ் டூ முடித்த இளவயதுப் பிள்ளைகளை. அப்பாவுக்கு அங்கே வேலை இல்லை. கையில் பணம் இருப்பதால் கூலிக்குப் போகவும் கூச்சம். பகல் முழுக்கச் சும்மா இருக்கிற மனிதரும், பையில் பணமும், தெரு முனையில் ஒரு டாஸ்மாக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

3. உறவைக் கட்டி வைத்திருந்தது. இதுதான் மூன்றிலும் பெரியது, தனியாகப் பார்ப்போம்.

தொகை எப்படி வருகிறது

அரசு நிலம் எடுத்தால் இழப்பீட்டுக்கு அடிப்படை 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சிப்காட் போன்ற தொழில் தேவைகளுக்குத் தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தைப் பயன்படுத்துகிறது என்றாலும் இழப்பீட்டை 2013 சட்டத்தை ஒட்டித்தான் தர வேண்டும். கணக்கு இப்படிப் போகும்.

1. சந்தை மதிப்பு: பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான விற்பனைகளில் அதிக விலை போன பாதியின் சராசரி, ஒப்புக்கொண்ட விலை ஏதாவது இருந்தால் அது. இவற்றில் எது அதிகமோ அது.
2. பெருக்கு எண்: கிராமப்புறத்தில் 1 முதல் 2 வரை, நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து.
3. மரம், கிணறு, வீடு இவற்றின் மதிப்பு.
4. ஆறுதல் தொகை: மேலே வந்த மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு மடங்கு.
5. சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம், அறிவிப்பு நாளிலிருந்து, இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்வாணை நாள் அல்லது நிலத்தை எடுத்துக்கொண்ட நாள், இவற்றில் எது முந்தியதோ அது வரை.

கணக்குக்காக ஒரு கற்பனைக் குடும்பம். 3 ஏக்கர், ஏக்கர் சந்தை மதிப்பு 20 லட்சம், பெருக்கு எண் 1.25 என்று வைப்போம். ஏக்கருக்கு 25 லட்சம்; ஆறுதல் தொகை சேர்த்தால் 50 லட்சம்; 3 ஏக்கருக்கு 1.5 கோடி. மரம், கிணறு, 12 சதவீதம் எல்லாம் இதற்கு மேல். இங்கே 1.5 கோடியையே வைத்துக்கொள்வோம்.

வரி பற்றிய பயம் இந்த இடத்தில் பெரும்பாலும் வீண். 2013 சட்டத்தின் கீழ் வரும் தீர்வாணைத் தொகைக்கு வருமான வரி கிடையாது என்று அந்தச் சட்டத்தின் 96-ஆம் பிரிவே சொல்கிறது. தனியாருக்கு விற்றால்தான் அது நகராட்சி எல்லைக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பது போன்ற கேள்விகள் வரும்.

யாருக்கு எவ்வளவு

அந்த 3 ஏக்கர் ஒரு பெரியவர் பெயரில் இருக்கிறது. அவர் 2012-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி இருக்கிறார். இரண்டு மகன், இரண்டு மகள். பட்டா இன்னும் பெரியவர் பெயரிலேயே. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணக்கு என்ன? (இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.)

நிலம் பெரியவரே சம்பாதித்த சுயார்ஜிதம் என்றால்: மனைவி, நான்கு பிள்ளைகள், ஐந்து சம பாகம். ஆளுக்கு 30 லட்சம்.

நிலம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால்: முதலில் பெரியவருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் பாகம் பிரித்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஐந்தில் ஒன்று, அதாவது 30 லட்சம். பிறகு பெரியவரின் 30 லட்சம் மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஐந்தாகப் பிரியும், ஆளுக்கு 6 லட்சம். முடிவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 36 லட்சம். அம்மாவுக்கு வெறும் 6 லட்சம்.

"பூர்வீகமா, சுயார்ஜிதமா" என்ற ஒரே ஒரு கேள்வியில் அந்த அம்மாவின் கையில் 24 லட்சம் ஏறி இறங்குகிறது. நிலமாக இருந்தவரை இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை; எந்தப் பெயரில் இருந்தால் என்ன, களி ஒரே பானையில்தான் வெந்தது. போதாததற்கு, அப்பாவிடமிருந்து வாரிசாக வந்ததெல்லாம் பூர்வீகம் ஆகிவிடாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே இதைத் தீர்க்க வழக்கறிஞர் வேண்டும், பழைய பத்திரங்கள் வேண்டும்.

மகள்களின் பங்கில் குழப்பம் இன்னும் அதிகம். தேதிகளை வரிசையாக வைத்தால் தெளியும்.

1. 1989 மார்ச் 25: தமிழ்நாட்டுத் திருத்தம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணம் ஆனவர்களுக்கு இல்லை.
2. 2005 செப்டம்பர் 9: மத்திய அரசின் திருத்தம். திருமணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் போனது.
3. 2020 ஆகஸ்ட் 11: உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பங்கு பிறப்பால் வருவது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.
4. விதிவிலக்கு: 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றம் மூலமோ பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பிரித்தோம் என்றால் எளிதில் எடுபடாது.

கிராமத்தில் அண்ணன்மார் பலருக்குத் தெரிந்தது முதல் தேதி மட்டும். "அவளுக்கு எண்பத்தி ஏழிலேயே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கெடையாது" என்று உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த சட்டத்துக்கு மேல் இரண்டு படி ஏறிவிட்டது.

தங்கச்சி ஏன் இப்போது கேட்கிறாள்

"இத்தனை வருஷம் கேட்காதவ, காசு வந்ததும் வந்துட்டா." இந்த வாக்கியம் எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இருக்கிறது. பேராசை என்று இதைத் தீர்த்துவைப்பது சுலபம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், அவள் இத்தனை வருடம் கேட்கவே இல்லையா என்பது சந்தேகம்தான்.

பாலக்கோட்டுக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து என்னென்ன வந்தது என்று பார்ப்போம். தலை தீபாவளிக்குச் சீர். முதல் பிரசவம் அம்மா வீட்டில். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி, தாய்மாமன் சீர். மகள் வயதுக்கு வந்தால் மாமன் வீட்டுத் தட்டு. மாங்காய்க் காலத்தில் ஒரு மூட்டை மாங்காய், பொங்கலுக்கு அவரை, துவரை, புளி அடித்தால் ஒரு கூடை புளி. புருஷனோடு சண்டை என்றால் பத்து நாள் தங்க ஒரு திண்ணை. இது எதற்கும் ரசீது இல்லை. இருந்தாலும் எல்லாம் எங்கிருந்து வந்தது? அந்த 3 ஏக்கரிலிருந்து.

அவளுடைய பங்கு தவணை தவணையாக வந்துகொண்டுதான் இருந்தது. அவள் பாகம் கேட்காமல் இருந்ததற்கு அண்ணன் மேல் உள்ள பாசம் ஒரு காரணம். கேட்டால் அந்தத் தவணை நின்றுவிடும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

நிலம் போனால் இந்தத் தவணைக்கு ஊற்று இல்லை. அண்ணன் ஓசூரில் வீடு வாங்கிப் போய்விடுவான். புளியும் கிடையாது, திண்ணையும் கிடையாது. கடைசித் தவணை ஒன்றுதான் பாக்கி, பூர்வீகச் சொத்து என்றால் அது 36 லட்சம். அவள் வந்து கேட்பதில் அதிசயம் எதுவும் இல்லை. அண்ணன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. போர் போட்டுத் தண்ணீர் வராமல் கடனாளி ஆனது அவன். அப்பாவைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கும் சேலத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தது அவன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனைக் கட்டியதும் அவன்தான். "நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பினோமே, அதுதானே அவ பங்கு?" என்பது அவன் மனக்கணக்கு. சட்டத்தின் கணக்கில் சீரும் நகையும் பங்கிலிருந்து கழியாது. ஒருவர் வழக்கத்தின் கணக்கைப் பேசுகிறார், இன்னொருவர் சட்டத்தின் கணக்கை. இரண்டு கணக்குக்கும் ஒரே விடை வந்துகொண்டிருந்தது நிலம் இருந்தவரைதான்.

சட்டம் இதில் ஒரு நெருக்கடியையும் சேர்க்கிறது. யாருக்கு எவ்வளவு என்று தகராறு என்றால் அதிகாரி பணத்தைக் குடும்பத்திடம் தரமாட்டார். அதைத் தீர்க்கும் அமைப்பிலோ நீதிமன்றத்திலோ கட்டிவிடுவார். நிலமும் போய், பணமும் வராத நிலை. இதைத் தவிர்க்கத்தான் அவசர அவசரமாக, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். "கையெழுத்துப் போடு, அப்புறம் பார்த்துச் செய்றோம்" என்று தங்கைகளிடம் 2 லட்சத்துக்கும் 3 லட்சத்துக்கும் வாங்கிவிடுவது. தொகை எவ்வளவு என்று அவளுக்குப் பின்னால் தெரிய வரும்போது, ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று வழக்கு. அதற்குள் அண்ணன் பணத்தை வீட்டில் போட்டிருப்பான். மகன்களின் பிள்ளைகளும் வரலாம். பூர்வீகச் சொத்தில் பேரனுக்கும் பேத்திக்கும் தங்கள் அப்பாவின் பங்குக்குள் பிறப்புரிமை உண்டு. அப்பன் மீது மகன் போடும் வழக்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை

அரசு எடுத்தால் தொகை வங்கிக்கு வருகிறது. எவ்வளவு என்பது ஆணையில் இருக்கிறது. தனியாருக்கு விற்கும்போது வேறு கதை. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு விலை, மீதி பையில் ரொக்கம். வாங்குகிறவர் முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தவும் கறுப்புப் பணத்தை நிலமாக்கவும் செய்கிற ஏற்பாடு. ஆபத்து விற்கிறவர் தலையில். நிலம் விற்று 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது.

வரியை விடப் பெரிய சேதம் வீட்டுக்குள். ரொக்கத்தை எண்ணி வாங்கியது மூத்தவர். வீட்டில் மற்றவர்களிடம் இருப்பது பத்திர நகல். அதில் 12 லட்சம் என்று இருக்கும். ஊரில் புரோக்கர் 45 என்று சொல்லிக்கொண்டிருப்பார். மூத்தவர் நேர்மையாக 45-ஐயும் பிரித்துக் கொடுத்திருந்தாலும் நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டு இல்லை. சந்தேகம் ஒருமுறை நுழைந்தால் போதும். அந்த ரொக்கத்தை வங்கியில் போடவும் முடியாது என்பதால் அது பீரோவிலும், வட்டிக்கும், நகைக்கும், அடுத்த பகுதியில் வரும் இரிடியத்துக்கும் போகிறது.

பணம் வெளியேறும் வழிகள்

1. வருவதற்கு முன்பே. அறிவிப்பு வந்த நாளுக்கும் பணம் விழும் நாளுக்கும் இடையே வருடங்கள் ஆகலாம். அந்த நம்பிக்கையின் மேல் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. 5 லட்சம், மூன்று ரூபாய் வட்டி: மாதம் 15,000. இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 3.6 லட்சம். கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. புகார் கொடுக்கத்தான் ஆள் வருவதில்லை.

2. வீடு. நம் குடும்பத்து மகன் ஒருவருக்கு 36 லட்சம். அதை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் 21,000. அதில் 20 லட்சத்துக்கு மாடி வீடு கட்டினால் மீதி 16 லட்சத்துக்கு மாதம் 9,300 சொச்சம். வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டு வீட்டில் ஒழுகலில் கிடந்தவர்களுக்கு அது நியாயமான ஆசை. ஆனால் கிராமத்தில் கட்டிய மாடி வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் வராது, அவசரத்துக்கு வாங்க ஆளும் வராது. இன்னொன்று, விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால் இன்றைய 21,000 பதினாலு வருடத்தில் பாதி மதிப்புக்கு இறங்கிவிடும். நிலத்தின் வரும்படி விலைவாசியோடு ஓரளவு ஏறும். டெபாசிட் வட்டி ஏறாது.

3. கைமாற்று. மச்சான், பங்காளி, ஒன்றுவிட்ட சித்தப்பா. இல்லை என்றால் உறவு கெடும், கொடுத்தால் பணம் கெடும். புரோநோட்டு எழுதி வாங்கினாலும் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் அது வெறும் தாள். உறவுக்காரரிடம் யார் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடுகிறார்கள்?

4. பணம் பெருக்கும் திட்டங்கள். இவற்றுக்கு மோப்ப சக்தி அதிகம். இழப்பீடு விழுந்த ஊருக்குச் சரியாக வந்து சேர்வார்கள். 2012-இல் கொங்குப் பகுதியில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது மாதாமாதம் பணம் வரும் என்று நம்பிய விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நம் பக்கத்துக்கென்று, கோடிக்கு விலை போகும் என்று ஏமாற்றி விற்கும் ரைஸ் புல்லிங் கலசம், இரிடியம், இருதலை மண்ணுளிப் பாம்பு. முதலீட்டாளர் பாதுகாப்புக்கு 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இருக்கின்றன. அவை குற்றவாளியைப் பிடிக்கும். போன பணம் முழுதாக வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

5. ஒரே வங்கி. இது கெட்ட செலவு இல்லை, கவனக்குறைவு. வங்கி மூழ்கினால் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரி முதல் இதுதான் வரம்பு. சிறிய வங்கி ஒன்றில் 36 லட்சத்தையும் போட்டு வைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

பணம் வராத வீட்டிலும்

கேடு நிலம் கொடுத்தவர் வீட்டோடு நிற்பதில்லை. கனடாவில் லாட்டரி வென்றவர்களின் அக்கம்பக்கத்து வீடுகளை ஆராய்ந்தார்கள். பரிசுத் தொகை பெரிதாக ஆக, அண்டை வீட்டுக்காரர்கள் திவாலாவது கூடியது. அப்படித் திவாலானவர்களிடம் கண்ணுக்குத் தெரியும் பொருட்கள், அதாவது வீடு, கார் போன்றவை, அதிகம் இருந்தன.

சாலைக் கோடு ஒருவர் வயலில் விழுந்து, வரப்புக்கு அந்தப் பக்கம் விழாமல் போகிறது. இந்தப் பக்கத்துக்காரர் மகள் திருமணத்தைக் கிருஷ்ணகிரியில் ஏசி மண்டபத்தில் வைத்தால், அந்தப் பக்கத்துக்காரர் கோயிலில் வைத்து முடிக்க முடிவதில்லை. அவர் இருக்கிற நிலத்தை அடமானம் வைக்கிறார். ஊரில் நிலத்தின் விலை ஏறியதால் அடமானத் தொகையும் ஏறியிருக்கிறது. அந்த வயல்களில் களை எடுத்த கூலிக்காரக் குடும்பங்கள் இருக்கின்றன. எடுப்புக்கு முன் மூன்று ஆண்டுகள் நிலத்தை நம்பி வாழ்ந்த நிலமற்றவர்களுக்கும் மறுவாழ்வு உதவி வேண்டும் என்பது 2013 சட்டம். பட்டா இல்லாதவர் தன் மூன்றாண்டு உழைப்பை எந்தக் காகிதத்தில் காட்டுவார்?

பணம் விழும் முன் முடிக்க வேண்டியவை

அறிவிப்புக்கும் பணத்துக்கும் இடையிலான காலத்தை வட்டிக்காரர்கள் மட்டும் பயன்படுத்திக்கொள்ளத் தேவையில்லை. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், பூர்வீகமா சுயார்ஜிதமா என்ற முடிவு, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிப் பதிந்த பத்திரம், ஒவ்வொருவர் பங்கும் அவரவர் கணக்கிலேயே நேராக விழும் ஏற்பாடு. மொத்தமும் மூத்தவர் கணக்கில் விழுந்து பிறகு பிரிப்பது என்பதுதான் பாதிச் சண்டைக்கு வித்து.

அம்மாவின் பங்கை யாரும் "பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்கிக்கொள்ளக் கூடாது. 60 வயது தாண்டியவருக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். 6 லட்சம் என்றால் மாதக் கணக்கில் 4,100. பிள்ளைகள் தங்கள் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அம்மாவின் 6 லட்சத்தை உயர்த்திய குடும்பத்தில், யார் வீட்டில் அம்மா இருப்பது என்ற சண்டையும் பெரிதாக எழுவதில்லை.

பலரும் மறப்பது இன்னொன்று. இழப்பீடு குறைவு என்று நினைத்தால், ஆட்சேபத்தோடு தொகையை வாங்கிக்கொண்டு உயர்த்தித் தரக் கேட்க 2013 சட்டத்தில் வழி உண்டு. தீர்வாணையின்போது நேரில் இருந்தவருக்கு ஆறு வாரம்தான் கெடு. அப்படிக் கேட்ட வழக்கு பல வருடம் ஓடி, ஒரு நாள் இன்னொரு பெரிய தொகை வரும். அதற்குள் தங்கைகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரு மாதிரி சமாதானமாகி, காது குத்துக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வந்துபோகத் தொடங்கியிருப்பார்கள். பத்திரத்தில் "பின்னால் உயர்த்தித் தரப்படும் தொகைக்கும் இதே விகிதம்" என்று ஒரு வரி இல்லையென்றால், அந்த இரண்டாவது பணம் யாருடையது என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.